அச்சில் இல்லாத பெயர்

கும்மிடிப்பூண்டி
8-1-2024

அண்ணாவுக்குப் பூமா அநேக நமஸ்காரம். நான் இங்கே சௌக்கியம். நீயும் மன்னியும் சௌக்கியமா? மார்கழிப் பனியில் உனக்கு வரும் இருமல் இந்த வருஷமும் வந்ததா?

இருபது வருஷம் கழித்து எழுதுகிறவள் இருமலை விசாரிக்கிறாளே என்று நினைப்பாய். வேறு எதை விசாரிக்க எனக்கு உரிமை மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை. போன் செய்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாயோ என்று பயம். கடிதம் என்றால் படித்துவிடுவாய். பதில் எழுதாத கடிதம் மேஜையில் கிடந்தால் உனக்குச் சாப்பாடு இறங்காது, அந்த தைரியம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் அஞ்சல்வழியில் எம்.ஏ. இதழியல் படிக்கிறேன், நாற்பத்தாறு வயதில். இந்தத் தொழிற்பேட்டை விபத்துகளை நாளிதழ்கள் எப்படி எழுதின என்பது என் ஆய்வேடு. எல்லாம் முடிந்துவிட்டது, கடைசிப் பக்கம் தவிர. சான்றுப் பட்டியலில் முப்பத்தொரு நாளிதழ்ச் செய்திகள் இருக்கின்றன. ஒன்றுகூட முறைப்படி இல்லை என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எதிர்வீட்டுத் திலகவதி திருவள்ளூரில் படித்தவள். “எங்க காலேஜ் லைப்ரரி சார்கிட்ட குடுங்க ஆன்ட்டி. ஒரு கமா தப்பா இருந்தாலும் வுடமாட்டாரு, செம பேஜாரு” என்றாள். பெயரைக் கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள்.

பட்டியல் முழுவதையும் இணைத்திருக்கிறேன். மாதிரிக்கு ஒன்றை இங்கேயே எழுதுகிறேன். என் மூன்றாம் இயல் இதன்மேல்தான் நிற்கிறது.

இம்மானுவேல், ஆ. “உருட்டாலை விபத்தில் மூவர் பலி: வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை.” நாளோலை, 12 ஜூன் 2009.

அது இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. மற்ற நாளிதழ்கள் ‘வடமாநிலத் தொழிலாளர் மூவர்’ என்று எழுதி முடித்துவிட்டன. இந்தச் செய்தியில் மட்டும்தான் அந்த மூவரின் பெயரும் ஊரும் இருந்தன. எழுதியவர் யாரென்று உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அப்போது நாளோலைக்குப் பகுதிநேர நிருபராக இருந்தார்.

திருத்தி அனுப்புவாயா? மன்னிக்கு என் நமஸ்காரம்.

பூமா

*

ஸ்ரீ:
திருவள்ளூர்
2-2-2024

பூமாவுக்கு,

பெருமாள் கிருபையால் இங்கு க்ஷேமம். இருமல் தை பிறந்ததும் நின்றது. அங்கு எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதை நான் அறியேன்; அத்தனை பேரும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

உன் கடிதம் 11-ஆம் தேதி கிடைத்தது. தாமதத்துக்கு அலுவல் மிகுதியே காரணம் என்று எழுத எண்ணினேன். அது உண்மையன்று என்பதால் எழுதவில்லை.

நாளிதழ்ச் செய்தியைப் பதியும் முறையில் எழுதியவர் பெயரே முதலில் நிற்கும். அடுத்து, செய்தியின் தலைப்பு இரட்டை மேற்கோள் குறிக்குள் அச்சில் உள்ளவாறே அமைய வேண்டும்; நீளமாக இருக்கிறதென்று சுருக்கக் கூடாது. நாளிதழின் பெயர் சாய்வெழுத்தில் வரும். பின்பு தேதி, இறுதியில் பக்கம். மாதத்தை எண்ணால் எழுதாதே. பட்டியலுக்கு வரிசை எண் இடாதே, அகரவரிசையே போதுமானது.

உன் மாதிரியில் பக்க எண் இல்லை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நாளோலை மாவட்டச் செய்திகளை ‘நமது நிருபர்’ என்றே வெளியிட்டு வந்தது. அது பொறுப்பின் பெயரேயன்றி ஆளின் பெயரன்று. அச்சில் இல்லாத பெயரை எழுதியவர் இடத்தில் வைக்க இயலாது. தலைப்பிலிருந்தே பதிவைத் தொடங்க வேண்டும். இது என் விருப்பமன்று, விதி.

முப்பத்தொரு பதிவுகளையும் திருத்தி இத்துடன் வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஸம்பத்குமார்

*

கும்மிடிப்பூண்டி
12-2-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம். இருமல் நின்றதில் சந்தோஷம்.

நாங்கள் மூன்று பேர். மகள் ஜெனிபருக்குப் பதினேழு வயது. உன் திருத்தங்களைக் கணினியில் ஏற்றியது அவள்தான். “மாமாவோட கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்மா” என்றாள். மாமா என்று யாரும் சொல்லித் தரவில்லை.

உன் விதியைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சிரித்தார். “உங்க அண்ணன் கரெக்டாதான் சொல்லிக்கிறாரு. பேப்பர்ல இல்லாத பேர நீ இன்னாத்துக்குப் போடுற? நானூறு நியூஸ் எழுதிக்கிறேன், ஒண்ணுலயும் என் பேரு இல்ல. இப்ப மட்டும் போட்டு ஊர மாலை எடுத்துக்கினு வரச் சொல்லப் போறியா?” என்றார். முப்பத்தொன்றில் பதினாறு அவர் எழுதியவை. பதினாறிலும் பெயரை எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமானவளுக்குப் பெயருக்கு முன்னால் ‘சௌ.’ போடுவது நம் அகத்து வழக்கம். நீ வெறும் ‘பூமாவுக்கு’ என்று ஆரம்பித்திருக்கிறாய். அதுவும் அச்சில் இல்லை போலிருக்கிறது.

அப்பா போனதும் எனக்கு அச்சில்தான் தெரிந்தது. நாளோலையில் நாலாம் பக்கத்தில், அவருடைய பழைய போட்டோ. யாரும் சொல்லி அனுப்பவில்லை. வரலாமா என்று கேட்கவும் ஆள் இல்லை. பதின்மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆய்வேட்டை 20-ஆம் தேதி கொடுக்கிறேன். உன் உதவிக்கு நமஸ்காரம்.

பூமா

*

கும்மிடிப்பூண்டி
16-4-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். என் முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை. அதில் நான் அதிகமாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. உடம்பு சௌக்கியம்தானே? அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுது.

இங்கே விபரீதம். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெளித் தேர்வாளர் சென்னை நூலகத்தில் 2009 ஜூன் 12 நாளோலையை எடுத்துப் பார்த்தாராம். உருட்டாலைச் செய்தி அதில் இல்லையாம். ‘இட்டுக்கட்டிய சான்று’ என்று எழுதியிருக்கிறார்கள். மே 15-க்குள் அந்தச் செய்தி வந்த முழுப் பக்கத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் என் பதிவு ரத்து. மறுபடி எங்கும் சேர முடியாது.

என் வீட்டுக்காரர் வெட்டி வைத்திருந்த செய்திகள் எல்லாம் 2015 வெள்ளத்தில் பெட்டியோடு ஊறிப் போயின. நான் எப்போதோ எடுத்த நகல் ஒன்றுதான் இருக்கிறது. செய்தியை மட்டும் கத்தரித்து எடுத்தது. பக்கத்தின் தலைப்போ தேதியோ அதில் இல்லை. நாளோலையை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை.

என்ன செய்யட்டும்?

பூமா

*

ஸ்ரீ:
திருவள்ளூர்
20-4-2024

பூமாவுக்கு,

இங்கு இருவரும் க்ஷேமம். உன் கடிதம் இன்று காலை வந்தது; இதை மாலைத் தபாலில் சேர்க்கிறேன். நீ பிப்ரவரியில் எழுதியது அதிகமன்று.

உன் நகலின் முதல் வரியைப் பார். ‘கும்மிடிப்பூண்டி, ஜூன் 12’ என்று இருக்கும். அது நிருபர் செய்தியை அனுப்பிய ஊரும் நாளும். நாளிதழின் தேதி அதற்கு மறுநாள். வெட்டி எடுத்த செய்தியில் நாளிதழின் தேதி போய்விட்டமையால், செய்தி அனுப்பிய நாளையே நீ வெளிவந்த நாளாகக் கொண்டாய். மாணவர் பலரும் செய்யும் தவறுதான். ஆனால் திருத்தியவன் அதை எச்சரித்திருக்க வேண்டும். பிழை என்னுடையது. பல்கலைக்கழகத்துக்கு அவ்வாறே எழுது. என் பெயரைக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

ஜூன் 13-ஆம் தேதி இதழைப் பார்க்கச் சொல்.

ஸம்பத்குமார்

*

கும்மிடிப்பூண்டி
29-4-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே யாரும் சௌக்கியம் என்று சொல்வதற்கில்லை.

13-ஆம் தேதி இதழையும் பார்த்துவிட்டார்கள். 14-ஐயும் பார்த்தார்களாம். இல்லை.

நெறியாளர் நல்லவர். ஒரு வழி சொல்கிறார். “அந்தச் சான்று தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாம் இயலை எடுத்துவிடலாம். பட்டம் வந்துவிடும்” என்கிறார். காகிதத்தையும் தட்டச்சு செய்தே கொடுத்துவிட்டார். மேஜைமேல் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இப்போது தேர்வாய் கண்டிகையில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார். வாயிலில் உட்கார்ந்து வருகிறவர், போகிறவர் பெயரை நோட்டில் எழுதும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து அந்தக் காகிதத்தைப் படித்தார். “போடு, போட்டுத் தொலை. உனக்குப் பட்டம்தான் முக்கியம்” என்றார். பிறகு சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு ஜெனிபரிடம் சொல்கிறார்: “அந்த மூணு பேரு பேரையும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு, அவங்க கூட்டாளிங்களைக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தா எழுதிக்கினேன். கம்பெனிக்காரன் எங்காளே இல்லன்னுட்டான். அப்ப அவன் இல்லன்னான். இப்ப இவங்க நியூஸே இல்லன்றாங்க. அப்ப அந்தப் பசங்க செத்ததே பொய்யா நைனா?” மகளை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

கையெழுத்துப் போட்டால் பட்டம் கிடைக்கும். ஆனால் அந்தச் செய்தி பொய் என்று அவர் மனைவியே எழுதிக் கொடுத்ததாக ஆகும். போடாவிட்டால் நான்கு வருஷப் படிப்பு போகும். இன்னும் பதினாறு நாள்.

பூமா

*

ஸ்ரீ:
திருவள்ளூர்
2-5-2024
பதிவுத் தபால்

பூமாவுக்கு,

எதிலும் கையெழுத்திடாதே.

சென்னை நூலகத்தில் தொகுத்து வைத்திருப்பது நாளோலையின் சென்னைப் பதிப்பு. உருட்டாலைச் செய்தி அதில் வரவில்லை. வந்தது திருவள்ளூர் மாவட்டப் பதிப்பில்: 13 ஜூன் 2009, சனிக்கிழமை, ஐந்தாம் பக்கம், கீழ்ப்பாதி, மூன்றாம் நெடுவரிசை முதல் ஐந்தாம் நெடுவரிசை வரை. தேர்வாளர் பொய் சொல்லவில்லை. நீயும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு பதிப்பைப் பார்த்தீர்கள். பதிப்பின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பதை நான் முதற்கடிதத்தில் எழுதாதுபோனதே இத்தனைக்கும் காரணம்.

முழுத் தாளையும் இரு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன். மடிக்க வேண்டாம். நகலெடுக்கும் கடைக்காரர் கையில் கொடுக்காமல் நீயே பிடித்துக்கொள். நேரில் எடுத்துச் சென்று காட்டு.

இது எங்கிருந்து கிடைத்தது என்று வினவ வேண்டாம்.

ஸம்பத்குமார்

*

(அதே உறையில், நாள்காட்டித் தாளின் பின்புறம்)

பூமா, மன்னி எழுதறேன். அட்டையை ஒட்டறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியாம இதைச் சொருகறேன். சௌக்கியமா இருக்கியாடி?

எங்கேர்ந்துன்னு கேக்கக் கூடாதாமே! நான் சொல்றேன். பரண்ல ஒரு தகரப் பெட்டி இருக்கு. நீ போன வருஷத்துலேர்ந்து அந்தப் பேப்பர் நின்னுபோற வரைக்கும், கும்மிடிப்பூண்டிச் செய்தி வந்த தாளையெல்லாம் அதுல அடுக்கியிருக்கார். “எதுக்குன்னா இது?” ன்னா, “ஆவணம்” னுவார். “நமது நிருபர்னுதானே இருக்கு, யார் எழுதினதுன்னு எப்படித் தெரியும்?” னு ஒருநாள் வாயைக் கிளறினேன். “கும்மிடிப்பூண்டிக்கு ஒரே நிருபர்தான்” னு சொல்லிட்டுப் பேப்பரால மூஞ்சிய மறைச்சுண்டுட்டார். மாமனார் போட்ட கட்டளை உனக்குத் தெரியுமே, அந்தப் பேர் அகத்துல காதுல விழக் கூடாதுன்னு. பிள்ளை அதை அட்சரம் பிசகாம காப்பாத்தினார். படிக்கக் கூடாதுன்னு மாமனார் சொல்லலையோன்னோ!

இன்னொண்ணு. மாமனார் பரமபதிச்சப்போ விளம்பரத்தை மாவட்டப் பதிப்புல குடுத்தார். நம்ம மனுஷா எல்லாரும் திருவல்லிக்கேணியும் நங்கநல்லூரும். “இதை யார் பார்ப்பான்னு இங்க குடுக்கறேள்?” னு சண்டை போட்டேன். அங்கேயேதான் குடுத்தார். மாசியில வந்த உன் லெட்டரை அவர் மேஜைல படிச்சப்புறம்தான், யார் பார்க்கணும்னு குடுத்தார்னு எனக்கு உறைச்சது.

நான் எழுதினேன்னு காமிச்சுக்காதே.

*

கும்மிடிப்பூண்டி
18-5-2024

அண்ணாவுக்குப் பூமா அநேகம் அநேகம் நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம். இதை உண்மையாகவே எழுதுகிறேன்.

ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாம் இயல் அப்படியே நிற்கிறது. ‘இட்டுக்கட்டிய சான்று’ என்ற கடிதத்தைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். நெறியாளர் தட்டச்சு செய்த காகிதத்தின் பின்பக்கத்தில் ஜெனிபர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பத்தாம் தேதி நாங்கள் இருவரும் ரயிலில் போனோம். அட்டையை இவர் என்னிடம் தரவே இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஏறியதிலிருந்து நின்றுகொண்டே வந்தார். “உக்காந்தா மடங்கிடும்” என்றார். அங்கே போனதும், “நீ போ, நான் இங்க தண்ணி கேனாண்ட நிக்கிறேன்” என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

தேர்வாளர் தாளை விரித்துப் பார்த்தார். தேதியைப் பார்த்தார், பக்க எண்ணைப் பார்த்தார், ‘திருவள்ளூர் மாவட்டப் பதிப்பு’ என்ற சின்ன எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “பதிப்பு வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையேம்மா” என்றார். எங்களுக்கும் தோன்றவில்லை; கும்மிடிப்பூண்டிக்கு வந்தது அந்த ஒரு பதிப்புதான். பிறகு செய்தியை முழுக்கப் படித்தார். அந்த மூன்று பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார். “இந்த நிருபர் இப்போது எங்கே இருக்கிறார்?” என்று கேட்டார்.

“வாசலில்” என்றேன்.

உள்ளே கூப்பிட்டு, “நீங்களா எழுதியது?” என்றார். “நாந்தான் சார்.” “பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே?” இவர் கையைக் கட்டிக்கொண்டு, “பேப்பர்ல போடல சார். எங்க மச்சான் ரூல்ஸ் பாக்குறவரு” என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

திரும்பும்போது மீஞ்சூர் வந்ததும், “இன்னாமோ பசிக்குது” என்றார். காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் கிளம்பியவர் ஐந்து சமோசா தின்றார். ஆறாவதை வாயில் வைக்கும்போதுதான் கேட்டார்: “பூமா, அந்தத் தாள் ஓரத்துல பென்சில்ல ‘எண் 61’ னு போட்டுக்குதே, பாத்தியா? அறுபத்தொண்ணுன்னா, அதுக்கு முன்னாடி அறுபது இருக்கணும் இல்ல?”

எங்கிருந்து கிடைத்தது என்று நீ கேட்க வேண்டாம் என்றாய். நான் கேட்கவில்லை. அவர் கேட்டதை எழுதினேன், அவ்வளவுதான்.

அப்பா போனதை நீ சொல்லி அனுப்பவில்லை என்று பதின்மூன்று வருஷம் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. அதற்குமேல் எழுதினால் உனக்குச் சங்கடம்.

ஒரு சந்தேகம் மிச்சம். எழுதியவர் யாரென்று தெரிந்திருக்கும்போது, அதுவும் அவர் என் கணவராக இருக்கும்போது, மறைக்கக் கூடாது. பெயர் பட்டியலில் வர வேண்டும் என்கிறார் தேர்வாளர். அச்சில் இல்லாத பெயரை எழுதக் கூடாது என்கிறாய் நீ. எப்படி எழுதுவது? “எங்கள் நூலகரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மன்னிக்கு என் நமஸ்காரத்தைத் தனியாகச் சொல்.

பூமா

*

ஸ்ரீ:
திருவள்ளூர்
21-5-2024

சௌ. பூமாவுக்கும், மாப்பிள்ளைக்கும், குழந்தை ஜெனிபருக்கும் அநேக ஆசீர்வாதம்.

பெருமாள் கிருபையால் இங்கு நாங்கள் இருவரும் க்ஷேமம். உன் கடிதத்தைப் பிற்பகல் நூலகத்தில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் சற்று நேரம் வாசகர் எவருக்கும் நூல் வழங்க இயலவில்லை. உன் மன்னியின் கையெழுத்தை நான் அறிவேன்; நாள்காட்டியில் மே முதல் தேதித் தாள் காணாமற்போனதையும் அறிவேன். அது குறித்து அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

உன் சந்தேகத்துக்கு விடை உண்டு. செய்தியில் பெயர் அச்சிடப்படாதிருந்து, எழுதியவர் இன்னார் என்பது வேறு வகையில் ஐயமின்றித் தெரிந்தால், அப்பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டு முதலிடத்தில் எழுதலாம். அச்சில் இல்லை என்பதை அடைப்பு சொல்லும். எழுதியவர் இவரே என்பதைப் பெயர் சொல்லும். இரண்டும் உண்மை.

இந்த விதியை நான் ஜனவரியிலும் அறிவேன். எழுதாமல் விட்டேன். பாதி விதியைச் சொல்வது தவறான விதியைச் சொல்வதற்கு ஒப்பானது; இருபத்தாறு ஆண்டு நூலகப் பணியில் நான் அறிந்தே செய்த பிழை இது ஒன்றுதான். பெட்டியை அன்றே திறந்திருந்தால் தேதியும் பதிப்பும் அன்றே கிடைத்திருக்கும். நீங்கள் மூவரும் இத்தனை துன்பப்பட்டிருக்க வேண்டியதில்லை. திறக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

இறுதிப் படியில் பதிவு இவ்வாறு அமையட்டும்:

[இம்மானுவேல், ஆ.] “உருட்டாலை விபத்தில் மூவர் பலி: வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை.” நாளோலை, திருவள்ளூர் மாவட்டப் பதிப்பு, 13 ஜூன் 2009, ப. 5.

மற்ற பதினைந்துக்கும் தேதி, பதிப்பு, பக்கம் ஆகியவற்றைப் பெட்டியிலிருந்து சரிபார்த்து, பெயருடன் தனித்தாளில் எழுதியுள்ளேன். அதைத் தபாலில் சேர்க்கவில்லை. வரும் ஞாயிறு, 26-ஆம் தேதி, பெரியபாளையம் வழியாகச் செல்லும் காலைப் பேருந்தில் நானும் உன் மன்னியும் வருகிறோம். உங்களுக்கு வசதிப்படாவிட்டால் தெரிவிக்கவும். தொலைபேசியிலேயே தெரிவிக்கலாம்; எண்ணை உறையின் பின்புறம் குறித்துள்ளேன்.

தகரப் பெட்டியையும் கொண்டுவருகிறேன். மாப்பிள்ளையின் கணக்கு சரி. 61-க்கு முன் அறுபது உள்ளன. பின் முந்நூற்று இருபத்தைந்து. வெள்ளத்தில் போனவை பெரும்பாலும் இவற்றுள் இருக்கும்.

அத்தனையையும் படித்தவன் என்ற முறையில் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. எண் 208, காட்டுப்பள்ளிச் செய்தி. முதற்பத்தியில் மீனவர் படகுகள் பதினாறு என்றும், நான்காம் பத்தியில் பதினெட்டு என்றும் இருக்கிறது. அச்சுக்கோத்தவர் தவறா, நிருபர் தவறா என்று பல ஆண்டுகளாக யோசித்து வருகிறேன். கேட்பதற்கு ஆள் இருந்தும் கேட்க வழியில்லாதிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இம்மானுவேல் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணா